அக்னிச் சிறகுகளில் இயற்பியலின் இடம்

'அக்னிச் சிறகுகள்' நூலை யாரும் விமர்சனத்துக்காக வாசிப்பதில்லை. பரிசாக வாங்குகிறோம், பரிசாகக் கொடுக்கிறோம். அருமனையில் எங்கள் வீட்டு அலமாரியில் அதற்கு மூன்று பிரதிகள் இருக்கின்றன. மூன்றும் ஆண்டுவிழா மேடைகளில் வந்தவை. 1999ல் அருண் திவாரியுடன் சேர்ந்து கலாம் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் இது. தமிழில் கண்ணதாசன் பதிப்பகம் வெளியிட்டது. கண்டிப்பாகப் படிக்க வேண்டியது என்று ஒரு புத்தகத்துக்குப் பெயர் வந்துவிட்டால் அதில் உள்ள வாக்கியங்களை அப்புறம் யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. நான் இங்கே தட்டிப் பார்க்க நினைப்பது ஒரே ஒரு இடத்தை.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்ததைப் பற்றிச் சொல்லும்போது கலாம் இரண்டு விஷயங்களை அடுத்தடுத்து வைக்கிறார். முதலாவது, அந்தப் படிப்பில் சேரும்போது வேறு என்ன படிக்கலாம், அறிவியல் படித்தவனுக்கு என்ன வேலை கிடைக்கும் என்பதெல்லாம் தனக்குத் தெரியாது என்பது. இரண்டாவது, பட்டம் வாங்கிய பிறகுதான் இயற்பியல் தன்னுடைய பாடம் இல்லை, பொறியியல்தான் தன் கனவுக்கு வழி என்று புரிந்தது என்பது.

இரண்டாவது விஷயம் எங்கள் ஊரில் பழமொழி மாதிரி புழங்குகிறது. "கலாமே சொல்லியிருக்காருல்லா, பிசிக்ஸ் படிச்சு என்னத்துக்காக்கும்? வாத்தியாராட்டுப் போவதுக்கா?" பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற முற்றங்களில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். முதல் விஷயத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் அந்தப் பக்கத்தின் முக்கியமான வாக்கியமாகப் படுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு பையனிடம் 1950களின் தொடக்கத்தில் அவன் முன்னால் என்னென்ன கதவுகள் இருக்கின்றன என்று சொல்ல ஆள் இல்லை. அவர் பாடத்தைக் குறை சொல்லவில்லை. தகவல் கிடைக்காத ஊரைப் பற்றித்தான் சொல்கிறார். ஆனால் புத்தகம் அங்கே நிற்காமல் குரோம்பேட்டைக்குப் போய்விடுகிறது.

குரோம்பேட்டைக்கு எப்படிப் போக முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1949ல் தொடங்கிய எம்.ஐ.டி. அந்தக் காலத்தில் பி.எஸ்சி. முடித்தவர்களைத்தான் மூன்றாண்டுப் படிப்புக்கு எடுத்தது. அதாவது வேண்டாம் என்று அவர் பின்னால் ஒதுக்கிய பட்டம்தான் அந்த வாசலின் சாவி. சேர்க்கைக்குத் தேவைப்பட்ட ஆயிரம் ரூபாய்க்கு அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்ததை எல்லா வாசகரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் நகையை அடகு வைக்காமலே படிக்க முடிந்த பி.எஸ்சி.யைப் பற்றி ஒரு வரி நன்றி புத்தகத்தில் இருந்திருக்கலாம். எங்கள் மாவட்டத்துக்காரர் கே.சிவனும் இதே பாதையில் வந்தவர்தான். நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், பிறகு எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல், பிறகு இஸ்ரோ, 2018ல் அதன் தலைவர். அறிவியல் பட்டம் அவரையும் தடுக்கவில்லை.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கல்லூரிப் பக்கங்களில்தான் இருக்கிறது. பேராசிரியர்கள் சின்னதுரையும் கிருஷ்ணமூர்த்தியும் அணுத்துகள் இயற்பியல் நடத்துகிறார்கள். கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம் என்ற கருத்து முதன்முதலாக அவர் காதில் விழுகிறது. அணுவுக்குள் இருக்கிற துகள்களில் பெரும்பாலானவை நிலையற்றவை, சிதைந்துகொண்டே இருப்பவை என்று கேட்டதும் பையன் அசந்துபோகிறான். பள்ளியில் இதை யாரும் சொல்லவில்லையே என்ற திகைப்பு எழுத்திலேயே தெரிகிறது. புத்தகத்தில் பின்னால் வரும் பெரும்பாலான பொருட்களுக்கு ஒரு வேலை உண்டு: என்ஜின், ஃபைபர் கிளாஸ், எரிபொருள், ஏவுகணை. இந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கருத்து எந்த வேலையும் இல்லாமல் நிற்கிறது. ஆனால் ஒன்றிரண்டு வரிகளிலேயே கலாம் அதைக் கடவுள், அறிவியல் என்ற பொதுப் பேச்சுக்குள் கொண்டுபோய் விடுகிறார். இந்த நூலின் பலவீனம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஒரு பௌதிகக் கருத்தோடு சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க அதற்குப் பொறுமை இல்லை. ஒன்று அது கருவியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆன்மிகம் ஆக வேண்டும்.

அரை ஆயுட்காலத்தை வைத்துச் சோறு சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் மருத்துவமனையில் கோபால்ட்-60 இயந்திரம் இருந்தால் அதன் மூலப்பொருளின் அரை ஆயுள் 5.27 ஆண்டு. மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் வீரியம் குறையும். இன்று இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டிய கதிர்வீச்சை ஐந்தேகால் வருடம் கழித்து நான்கு நிமிடம் கொடுத்தால்தான் அதே அளவு போய்ச் சேரும். அந்தக் கணக்கைப் போடுகிறவர் டாக்டர் அல்ல, மருத்துவ இயற்பியலாளர். எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒரு டிப்ளமா படிக்கலாம், அல்லது அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலே எம்.எஸ்சி.யாகப் படிக்கலாம். மார்த்தாண்டத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்த என் சித்தி மகள் இந்த வழியில் போனவள். வீட்டில் இன்றைக்கும் அவளை "ஸ்கேன் எடுக்கிற வேலை" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதி மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். நெட் எழுதி, முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரி. வானிலைத் துறை. எம்.எஸ்சி. முடித்தவர்களுக்குத் தேர்வு வைத்து ஒரு வருடம் பயிற்சி கொடுத்து விஞ்ஞானியாக எடுக்கும் பாபா மையத்தின் பயிற்சிப் பள்ளி. அது 1957லிருந்து நடக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு. இதெல்லாம் ரகசியம் இல்லை, ஆனால் எங்கள் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருப்பது நர்சிங், பொறியியல் விளம்பரங்கள்தான். கஷ்டத்தையும் மறைக்க வேண்டியதில்லை. முப்பது வயதைத் தாண்டிய முனைவர்கள் கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறார்கள். நான்கு வருடம் பொறியியல் படித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போன என்னைப் போன்றவன் அவர்களிடம் போய்க் கனவைப் பற்றி உபதேசம் செய்வது அசிங்கம்.

வேலை என்ற கேள்வி புதிதும் அல்ல. சி.வி.ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலில் எம்.ஏ. முடித்ததும் அரசு நிதித்துறைத் தேர்வு எழுதினார். 1907ல் கல்கத்தாவில் கணக்கு அதிகாரி. இன்றைய பேச்சில் சொன்னால் "பிசிக்ஸ் படிச்சிட்டு பேங்க் எக்ஸாம்". பத்து வருடம் ஆபீஸுக்கு முன்னும் பின்னும் பௌபஜாரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தார். 1917ல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் பதவிக்கு மாறினார்.

அந்த ராமனிடம் பெங்களூரில் ஆய்வு செய்தவர் விக்ரம் சாராபாய். இங்கேதான் கலாமின் வாக்கியத்துக்கு அவருடைய புத்தகமே பதில் சொல்கிறது. கலாமை விண்வெளிக் குழுவின் வேலைக்கு நேர்காணல் செய்தவர்களில் இருவர் சாராபாயும் எம்.ஜி.கே.மேனனும். இருவருமே காஸ்மிக் கதிர் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற இயற்பியலாளர்கள். இயற்பியல் தன் பாடமல்ல என்று முடிவு செய்த இளைஞரை ராக்கெட் பொறியாளராக எடுத்தவர்கள் இயற்பியலாளர்கள்! கலாம் அந்த நேர்காணலை அன்போடு எழுதுகிறார். ஆனால் இந்த முரணை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

தும்பாவில் ஏன் ஏவுதளம் என்ற கேள்விக்கும் விடை இயற்பியல்தான். காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் போகிறது. அதற்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதை அளக்க வேண்டுமென்றால் ராக்கெட் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். 1963 நவம்பர் 21ல் முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்கு நூறு வருடம் முன்பே ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் திருவனந்தபுரம் மகாராஜாவின் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று, 1850களில் அகத்தியமலை உச்சியில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் கட்டி, அட்டை கடிக்கிற காட்டில் ஆட்களை வைத்து அளவெடுத்தார். அருமனையும் அப்போது அதே மகாராஜாவின் ஊர்தான். சின்ன வயதில் அந்த மலையை மழை வருமா வராதா என்று பார்க்க மட்டும்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

'அக்னிச் சிறகுகள்' நல்ல புத்தகம்தான். ஏவுதளத்துத் தோல்விகளை அது எழுதியிருக்கும் நேர்மை தமிழில் வந்த தன்வரலாறுகளில் குறைவு. அதைப் பரிசாகக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பி.எஸ்சி. பௌதிகம் படித்து, அதிலேயே இருந்து, டி.ஆர்.பி. எழுதி, அல்லது கோபால்ட் அட்டவணையை மாதாமாதம் திருத்தி வாழ்ந்த ஒருவர் எழுதிய தன்வரலாறும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். சித்தி மகளிடம் எழுதச் சொன்னேன். "எழுதினா யாராக்கும் வாசிப்பா?" என்று கேட்டாள். நான் வாசிப்பேன் என்றேன். டூட்டி முடியட்டும், பார்ப்போம் என்று போனை வைத்துவிட்டாள்.