எட்டு நூல் ஓர் அங்குலம்

தச்சர் மனக்கணக்குப் போடுவதைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். டேப் சர்ரென்று பலகையில் ஓடி நிற்கும். ஆறடி, பத்தங்குலம், நாலு நூல். மூன்று சம பாகம் குறிக்க வேண்டும். ஆறடிக்குப் பங்கு இரண்டடி. பத்தங்குலத்தில் மும்மூன்று போக மிஞ்சும் ஓர் அங்குலத்தை எட்டு நூலாக உடைத்து, இருக்கும் நாலோடு சேர்த்தால் பன்னிரண்டு, பங்குக்கு நாலு. உதடு லேசாக அசையும், அவ்வளவுதான். இரண்டடி மூன்றங்குலம் நாலு நூல்! மிச்சம் எதுவும் வீணாகாமல் அடுத்த சிறிய அளவாக மாறிப் பங்குக்கு வந்துவிடும் அழகை என்னவென்பது!

பிறகுதான் காதிடுக்குப் பென்சில் இறங்கும். மொட்டை முனையின் கோடே அரை நூலைத் தின்றுவிடுமே! உளியால் பொறுமையாகச் சீவிக் கூராக்கி, மூலைமட்டம் வைத்துக் கீறுவார். மறுமுனையிலிருந்தும் ஒருமுறை அளப்பார். கோடு சரியாகவே விழுந்திருக்கும்.