அயலானும் அடுத்த வீட்டானும்: ஒரு மீநாயகப் படத்தைச் செடெனாக்கிலிருந்து வாசித்தல்

‘அயல்’ என்னும் சொல் தமிழில் இருவேறு திசைகளை நோக்கி நிற்கிறது. அயல்நாடு என்றால் கடல்கடந்த தொலைவு; அயல்வீடு என்றால் கூப்பிட்டால் கேட்கும் அண்மை. யாழ்ப்பாணத்தார் அக்கம்பக்கத்தாரை ‘அயலவர்’ என்பர். மலையாளத்திலும் ‘அயல்க்காரன்’ அடுத்த வீட்டுக்காரனே. அந்நியன், வேற்றான் ஆகிய சொற்களுக்கு இவ்விரட்டைத் தன்மை இல்லை. ஆர். ரவிக்குமார் இயக்கி, 2024 ஜனவரி 12ஆம் நாள் பொங்கல் வெளியீடாக வந்த ‘அயலான்’ திரைப்படம் இச்சொல்லைத் தன் தலைப்பாகத் தேர்ந்துகொண்டது. தலைப்பு தாங்கும் பொருளைப் படமும் தாங்குகிறதா என்பது ஆராயத்தக்கது. அவ்வினாவைச் சென்னையில் நின்று எழுப்பாமல், ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில் நின்று எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதை புதிதன்று. விண்ணிலிருந்து விழுந்த ‘ஸ்பார்க்’ என்னும் சிறு துண்டொன்று ஆர்யன் என்ற பெருமுதலாளியின் கைக்குச் சேர்கிறது. அதன் ஆற்றலால் நிலத்தை ஆழத் துளைத்து வாயு எடுப்பது அவன் திட்டம். அவ்வாயுவோ உயிர்களுக்குக் கேடு. அத்துண்டை மீட்க வேற்றுக்கோளிலிருந்து ஒருவன் வருகிறான். வேளாண்மையில் நொடித்துச் சென்னைக்குப் பிழைக்க வந்த தமிழ் என்னும் இளைஞனும் அவன் நண்பர்களும் வந்தவனை மறைத்து வைத்துக் காக்கின்றனர். ‘டாட்டூ’ எனப் பெயரும் இடுகின்றனர். வந்தவனின் ஆற்றல் தமிழுக்கும் வந்துசேர, உழவன் மீநாயகன் ஆகிறான். 1982இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’யையும் 2003இல் வந்த இந்திப் படமான ‘கோயி மில் கயா’வையும் பார்த்தவர்க்கு இதன் வழித்தடம் எளிதில் விளங்கும்.

செய்நேர்த்தியைக் குறை கூறுவதற்கில்லை. வெங்கட் செங்குட்டுவனின் உடலசைவு, சித்தார்த்தின் குரல், அவற்றின்மேல் கணினி வரைந்த தோல் என மூன்றும் சேர்ந்து ஓர் உயிராக நம்முன் நடமாடுகின்றன. தமிழ்த்திரை இதுகாறும் எட்டாத நேர்த்தி இது எனத் தயங்காமல் கூறலாம். நம் குறை கதையின் அடித்தளம் பற்றியதாகும்.

நாயகனுக்குத் ‘தமிழ்’ என்று பெயரிட்டதிலேயே அவ்வடித்தளம் வெளிப்பட்டுவிடுகிறது. மண்ணுக்கு உரியவன் தமிழ். வெளியிலிருந்து வந்தவன் அயலான். இருவரும் இரு வேறு ஆள்கள். தமிழ்நாட்டுச் சூழலில் இப்பிரிவினை இயல்பாகவே பொருந்துகிறது. 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டமும், 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டமும் பார்வையாளர் நினைவில் உள்ளவை. நிலத்தைத் துளைப்பவனே எதிரி என்றவுடன் அரங்கம் புரிந்துகொள்கிறது. சொந்த நிலமுடைய உழவனின் சினத்திற்கு அங்கே விளக்கம் வேண்டியதில்லை.

செடெனாக்கில் இதே கதையின் நிலை வேறு. கூலாய்க்கு வடக்கே, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டிய இப்பகுதி தோட்டங்களால் ஆனது. முதலில் பால்மரம், பின்னர் செம்பனை. அண்மை ஆண்டுகளில் தொழில்நுட்பப் பூங்கா ஒன்று எழுந்து, செம்பனை நின்ற மண்ணில் தரவு மையங்கள் நிற்கின்றன. ஜொகூர்த் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக மரம் சீவியும் குலை அறுத்தும் வாழ்ந்த தமிழர்க்கு அந்நிலம் ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. குடியிருந்த லயமும் நிர்வாகத்தினுடையதே. வேலை போனால் வீடும் போயிற்று. மண்ணோடு இத்தனை நெருக்கம், மண்ணின்மீது இத்துணை உரிமையின்மை. இந்நிலையில் இருந்தவர்க்குத் திரையில் தோன்றும் ‘தமிழ்’ தம் உறவினனாகப் படுவானா என்பது ஐயமே. அடைக்கலம் தேடி, தன்னை மறைத்துக்கொண்டு, பிறர் வீட்டு மூலையில் ஒடுங்கி நிற்கும் டாட்டூவே அவர்களுக்கு நெருங்கிய சாயல் உடையவன். சென்னையில் தமிழும் அயலானும் இருவர்; செடெனாக்கில் நூற்றாண்டுக் காலம் இருவரும் ஒருவரே.

இவ்வாசிப்பு மிகை என்று தோன்றினால், சட்டத்தின் வரலாற்றை நோக்குக. வேற்றுக்கோளினனுக்கு வழங்கும் ‘ஏலியன்’ என்ற ஆங்கிலச் சொல் சட்டவழக்கில் குடிமகன் அல்லாதவனையே குறித்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1933இல் நடைமுறைக்கு வந்த ஏலியன் சட்டத்தின்படி இந்தியத் தொழிலாளி ‘ஏலியன்’ அல்லன். அவன் பிரிட்டிஷ் பிரஜை. அச்சட்டம் சீனக் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தவே எழுந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபின், குடியுரிமைப் பத்திரம் எடுத்தவன் குடிமகன். எடுக்கத் தவறியவன் அதே லயத்தில், அதே மரத்தடியில் நின்றவாறே அயலான் ஆனான். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியபோது, பெர்மிட் கிடைக்காத தமிழர் பலர் பிள்ளைகுட்டிகளோடு கப்பலேறினர். எஞ்சியோரில் சிலர் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தினர். வேற்றுக்கோளுக்குப் போகாமலே ஒருவன் வேற்றானாவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறைக்கப்பட்ட அடையாளம் என்னும் கூறு மீநாயகக் கதைக்கு வெறும் விறுவிறுப்பூட்டும் உத்தி அன்று. 1938இல் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். வேற்றுக்கோளில் பிறந்த அந்நாயகன் பெயரை மாற்றி, மூக்குக்கண்ணாடி அணிந்து, அலுவலகம் சென்று, உள்ளூரானைப்போல வாழ்கிறான். தன்னை மறைக்கத் தெரிந்தவனுக்கே அந்நாடு இடமளித்தது என்ற கசப்பு அக்கதையின் அடியில் கிடக்கிறது. ‘அயலா’னில் டாட்டூவை மறைப்பது நகைச்சுவைக் காட்சிகளுக்குப் பயன்படுகிறதேயன்றி, மறைந்து வாழ்வதன் இழிவையோ அச்சத்தையோ படம் தொடவில்லை. மேலும், டாட்டூ திரும்பிப் போவதற்கென்றே வந்தவன். வந்த வேலை முடிந்ததும் போய்விடுவான் என்பதனாலேயே அவனை நேசிப்பது எளிதாகிறது. கங்காணி முறையில் ஆள்பிடித்த காலத்துத் தோட்ட நிர்வாகங்களும் நம் முன்னோரை இவ்வாறே எதிர்நோக்கின. போகாமல் தங்கிவிட்டவனின் கதையையே நாம் கேட்க விரும்புகிறோம். படம் அங்கே போகவில்லை.

இவ்விடத்தில் 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யை நினைவுகூர்வது பயன்தரும். ஏ. காசிலிங்கம் இயக்கிய அப்படத்தில் வேற்றுக்கோளினர் பி. பானுமதி ஏற்ற பாத்திரத்தைப் பாட்டின்பொருட்டுக் கவர்ந்து செல்கின்றனர். அவளைத் தேடி எம்.ஜி.ஆர். அக்கோளுக்குச் செல்கிறார். அங்கே தம்மையொத்த கோமாளி ஒருவனின் இடத்தில் நின்று தம்மை மறைத்துக்கொள்கிறார். தந்திரக் காட்சிகள் இன்று சிரிப்பூட்டலாம். ஆயினும் அயலானின் இடத்தில் தமிழனை நிறுத்திப் பார்க்கும் துணிவு அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அப்படத்திற்கு இருந்தது.

நம் நாட்டு மீநாயகனையும் மறந்துவிடலாகாது. 1998இல் ஆர்.டி.எம். தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கெளுவாங் மேன்’ உயிரோவியத் தொடரின் நாயகன் போர்ஹான், ஜொகூரின் தம்போய் மனநல மருத்துவமனை நோயாளி. இரவில் வௌவால் வேடமணிந்து வெளியேறி நகரைக் காப்பவன். (பெருவௌவாலின் பெயர் தாங்கிய குளுவாங் நகருக்கும் தம்போய்க்கும் இடைப்பட்டே செடெனாக் கிடக்கிறது என்பது ஒரு வேடிக்கை.) அவன் வேற்றுக்கோளினன் அல்லன், ஆயினும் சமூகம் வேற்றானாக ஒதுக்கியவன். 2025இல் இத்தொடர் திரைப்படமாகவும் வந்தது. விளிம்பில் உள்ளவனையே நாயகனாக்கிய வகையில், பெரும்பொருட்செலவில் வந்த ‘அயலா’னைவிட இச்சிறு தொடர் ஒருபடி மேலானது என்பது நம் கணிப்பு.

ஆற்றலின் ஆபத்து பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆர்யனின் கையில் தீங்காகும் விண்ணாற்றல், தமிழின் கையில் சேர்ந்ததும் நன்மையாகிவிடுகிறது. அதற்கு அவன் விலையேதும் கொடுப்பதில்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து வந்த ‘இரும்புக்கை மாயாவி’யைச் சிறுவயதில் படித்தவர்க்கு இந்த எளிமை ஏமாற்றமளிக்கும். மாயாவிக்கு ஆற்றல் மின்னதிர்ச்சியால் வருகிறது. உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் வெளியில் தெரிகிறது. ஆங்கில மூலத்தில் அவன் தொடக்கத்தில் குற்றவாளியாகவே உலவினான். ஆள் மறைந்து கை மட்டும் எஞ்சும் அப்படிமத்தைத் தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டோடு சேர்த்து எண்ணாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

படத்திற்கு உரிய பெருமையை மறுப்பதற்கில்லை. பூமி மனிதருக்கு மட்டும் உரியதன்று என்னும் கருத்தைச் சிறுவர் ஏற்கும் வண்ணம் அது கூறுகிறது. தமிழ் வகுப்பில் இதனை எடுத்தாள விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு பரிந்துரை உண்டு. மலாய்மொழியில் வேற்றுக்கோளினன் ‘மக்லுக் ஆசிங்’. வெளிநாட்டுத் தொழிலாளி ‘பெக்கெர்ஜா ஆசிங்’. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் குலை அறுப்போருள் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் மிகுதி. தமிழர் காலி செய்துபோன குடியிருப்புகளில் அவர்கள் வாழ்கின்றனர். நம்மவருள் பலர் அவர்களை நாட்டுப் பெயரால் சுட்டுகின்றனரேயன்றி ஆள்பெயர் கேட்பதில்லை. டாட்டூவுக்கேனும் ஒரு பெயர் கிடைத்தது. படத்தைப் பார்த்துவந்த மாணவரிடம் கதைச்சுருக்கம் கேட்பதற்கு மாறாக, ‘அயல்’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் இரு பொருள்களையும் எழுதச் சொல்லி, தம் வீட்டிற்கு அயலே இருப்பவர் எவர், எங்கிருந்து வந்தவர், வீட்டில் தாத்தா பாட்டியின் அடையாள அட்டை எந்நிறத்தது என விசாரித்து வரச் செய்யலாம். விடைகள் ஒன்றுபோல் இரா.