முப்பதாம் நாளுக்கு அப்பால்: மேரி நெய்லரின் முதியோர் பராமரிப்பு முறை

அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் கொள்கையை மாற்றிய ஒரு பராமரிப்பு முறைக்கு வேர் குறைப்பிரசவக் குழந்தைகளிடம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்விப் பிரிவில் டோரதி புரூட்டன் தலைமையிலான குழு 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எடை மிகக் குறைந்து பிறந்த குழந்தைகளைச் சற்று முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பலாம், சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர் வீடு தேடிச் சென்று பார்த்துக்கொண்டால் ஆபத்தில்லை, செலவும் குறைகிறது என்றது அந்த ஆய்வு. அதே இடத்தில் பணியாற்றிய மேரி நெய்லர் இந்தச் சிந்தனையை முதியவர்களிடம் கொண்டுபோனார்.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 1983 முதல் மருத்துவமனைகளுக்குப் பணம் தரும் முறையை மாற்றியிருந்தது. இத்தனை நாள் படுத்திருந்தார் என்று கணக்குப் பார்க்காமல், நோய்க்கு இவ்வளவு என்று நிலையான தொகை. ஒரு நாள் முன்னதாக அனுப்பினால் மருத்துவமனைக்கு ஒரு நாள் செலவு மிச்சம். உடம்பு முழுதும் தேறாத நிலையில் முதியவர்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். பழைய மாத்திரைகளோடு புதியவையும் சேர்ந்துகொண்டன. எதை நிறுத்துவது என்று கேட்க ஆளில்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கோ இவர்கள் மருத்துவமனையில் இருந்த செய்தியே எட்டியிருக்காது.

நெய்லரின் முறை இந்த இடைவெளியில் ஒரு செவிலியரை நிறுத்துகிறது. முதுகலைப் படிப்பும் முதியோர் பராமரிப்பில் தனிப்பயிற்சியும் உள்ளவர் அவர். நோயாளி சேர்ந்த ஓரிரு நாளில் வந்து பார்க்கிறார். மருத்துவமனையில் இருக்கும்வரை தொடர்ந்து வருகிறார். வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள் அதே செவிலியர் வாசலில் நிற்கிறார். மாத்திரைகளைப் பார்க்கிறார், சமையலில் உப்பு எவ்வளவு என்று விசாரிக்கிறார், கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ யாரை அழைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார், மருத்துவரிடம் நேரில் பேசுகிறார். தொலைபேசியில் வாரத்தின் ஏழு நாளும் கிடைக்கிறார்.

1999-ல் வெளிவந்த ஆய்வில் ஃபிலடெல்ஃபியாவின் இரண்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 363 முதியவர்கள் இருந்தார்கள். 24 வாரங்களுக்குள் வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 37.1 சதவீதம் பேர் ஒருமுறையாவது மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். செவிலியர் தொடர்ந்து பார்த்தவர்களில் 20.3 சதவீதம். மொத்தச் செலவு வழக்கமான பராமரிப்புப் பிரிவில் சுமார் 12 லட்சம் டாலர், செவிலியர் பார்த்த பிரிவில் 6 லட்சம். அடுத்து 2004-ல் இதயச் செயலிழப்பு உள்ள 239 பேரிடம், செவிலியரின் துணையை மூன்று மாதத்துக்கு நீட்டி, ஓராண்டு கவனித்தார்கள். ஒருவருக்கான சராசரிச் செலவு 12,481 டாலருக்குப் பதில் 7,636 டாலர். மருத்துவமனைக்குத் திரும்பிய தடவைகள் 162-க்கு எதிராக 104.

இந்த முறையின் உண்மையான பலம், மருத்துவமனைச் சுவரோடு முடிந்துபோகும் பொறுப்பை ஒரே மனிதர் வீடுவரை சுமந்து செல்வதில் இருக்கிறது. துறைதுறையாகப் பிரிந்து கிடக்கும் மருத்துவத்தில், ஒரு முதியவரை முழு ஆளாக அறிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி, அதை எண்ணிக்கையாலும் நிறுவிக் காட்டியவர் நெய்லர். செவிலியரை மருத்துவரின் ஏவலாள் என்ற இடத்திலிருந்து முடிவெடுப்பவர் என்ற இடத்துக்கு நகர்த்தியதும் இதில் அடங்கும். இதைச் சிறிய சாதனை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அதே 1999 ஆய்வில் குறைவாகப் பேசப்பட்ட ஒரு பகுதி உண்டு. அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனிலும், மனச்சோர்விலும், பராமரிப்பு குறித்த மனநிறைவிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2004 ஆய்வில் வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது. அதுவும் தொடக்க மாதங்களோடு சரி. மருத்துவமனைக்குத் திரும்பாமல் இருப்பது நல்லதுதான். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் முதியவரின் கால் தசையைக் கரைக்கிறது. என்றாலும் குளிக்கவும் மாடியேறவும் முடிகிறதா, தனிமை குறைந்ததா என்ற கேள்விகளுக்கு இந்த வெற்றி பதில் சொல்லவில்லை. கொள்கை வகுப்பவர்களைக் கவர்ந்தது டாலர் கணக்கு. அந்தக் கணக்கை முன்னிறுத்தித்தான் இந்த முறை அரங்கேறியது. அதன் விலையைப் பிறகு கொடுக்க நேர்ந்தது.

யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1999 ஆய்வில் சேர, தெளிந்த நினைவும் ஆங்கிலப் பேச்சும் தொலைபேசி வசதியும் தேவைப்பட்டன. நினைவு தடுமாறுகிறவர், வேறு மொழி பேசுகிறவர், தொலைபேசி இல்லாதவர் ஆகிய மூவருக்கும் இடமில்லை. இந்த உதவி அதிகம் தேவைப்படுகிறவர்களும் அவர்கள்தாம். நெய்லர் இதை உணராமல் இல்லை. நினைவாற்றல் குறைந்த முதியவர்களிடம் அவர் குழு பின்னர் செய்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அதிலும் இந்த முறை மறுசேர்க்கையைக் குறைத்தது. வறுமைக்கு முன்னால் மட்டும் எந்தத் தொடர் பராமரிப்பும் திணறுகிறது. ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள கேம்டனில், அடிக்கடி மருத்துவமனைக்கு வரும் 800 பேரிடம் இதை ஒத்த வேறொரு திட்டம் சோதிக்கப்பட்டது. அவர்கள் முதியவர்கள் மட்டுமல்ல. நோயோடு வறுமையும் சேர்ந்திருந்தவர்கள் பலர். 2020-ல் வந்த முடிவு: ஆறு மாதத்துக்குள் மறுசேர்க்கை ஒரு பிரிவில் 62.3 சதவீதம், மற்றதில் 61.7. வேறுபாடே இல்லை. குடியிருக்க இடமில்லாதவரின் வாசலுக்குச் செவிலியர் எப்படிப் போவார்?

பெரிய சிக்கல் அரசு இதைக் கையில் எடுத்தபோதுதான் வந்தது. மெடிகேர் நோயாளிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 30 நாளில் திரும்பி வருகிறார் என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2010-ன் சுகாதாரச் சட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. 2012 அக்டோபர் முதல், எதிர்பார்த்ததைவிட மறுசேர்க்கை கூடினால் மருத்துவமனைக்கு அபராதம். முதலில் உச்ச வரம்பு 1 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 3. இந்தத் திட்டத்தை நெய்லர் வகுக்கவில்லை. மறுசேர்க்கையைத் தடுக்க முடியும் என்று நிரூபித்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் அவர். ஆகவே அவர் ஆய்வின் நிழல் இதில் படிந்திருக்கிறது. சட்டம் எண்ணைப் பிடித்துக்கொண்டு செவிலியரை விட்டுவிட்டது. எப்படிக் குறைப்பது என்பது மருத்துவமனையின் பாடு. திரும்பி வந்தவரை உள்நோயாளியாகச் சேர்க்காமல் ‘கண்காணிப்பில்’ வைத்தால் அது மறுசேர்க்கைக் கணக்கில் வராது. ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகள் கூடுதலாக அபராதம் கட்டின. 2016-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே தம்மைப் போன்ற மருத்துவமனைகளோடு அவற்றை ஒப்பிடும் வழி பிறந்தது. இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகளின் இறப்பு அந்தக் காலத்தில் கூடியதாக 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அபராதம்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இறப்பைக் கண்ணில் வைக்காமல் மறுசேர்க்கையை மட்டும் எண்ணுவது தவறு என்பதற்கு அந்த ஐயம் ஒன்றே எனக்குப் போதும்.

2013-ல் மெடிகேர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் காலத்துப் பராமரிப்புக்கெனத் தனிக் கட்டணம் அறிவித்தது: இரண்டு வேலை நாளில் ஒரு தொடர்பு, 7 அல்லது 14 நாளில் ஒரு நேரடிச் சந்திப்பு. 2015-ல்கூடத் தகுதியுள்ள டிஸ்சார்ஜ்களில் சுமார் 7 சதவீதத்துக்குத்தான் இந்தக் கட்டணம் கேட்கப்பட்டது. கேட்கப்பட்ட இடத்திலும் நெய்லரின் செவிலியர் அதில் இல்லை. மருத்துவமனைக் கட்டிலருகே அறிமுகமாகி, வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் தொடரும் ஆளுக்கு அந்தக் கட்டணத்தில் இடமில்லை. ஒரு அழைப்பும் ஒரு சந்திப்பும் போதும். அந்தச் செவிலியருக்குச் சம்பளம் தருவது மருத்துவமனை என்றால், மறுசேர்க்கை குறைவதால் மிச்சமாகும் பணம் காப்பீட்டுக்குப் போகிறது. மருத்துவமனைக்கோ வரவேண்டிய வருமானம் குறைகிறது. இந்த முடிச்சை அவிழ்க்காதவரை எந்த நிர்வாகமும் இதை நீண்ட நாள் நடத்தாது.

மிச்சப் பணக் கணக்கில் ஏறாத இன்னொரு உழைப்பும் இருக்கிறது. செவிலியர் சொல்லிக்கொடுத்ததைத் தினமும் செய்து முடிப்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகள். எடை பார்ப்பது, மாத்திரை எடுத்து வைப்பது, இரவில் மூச்சைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் வேலை. நெய்லரின் முறை அவர்களையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுகிறது. வழக்கமான டிஸ்சார்ஜ் அவ்வளவுகூடச் செய்வதில்லை. ஆனாலும் மெடிகேரின் கட்டணப் பட்டியலில் அந்த வேலைக்கு ஒரு வரி கிடையாது. செவிலியரின் கடைசி வருகைக்குப் பிறகு அவர்கள் யாரிடம் கேட்பது என்பதற்கும் ஏற்பாடு இல்லை.