சும்மா இருக்கும் வாத்து

பாடம் செய்த வாத்துகளை வரிசையாக வைத்தால் கூட்டம் நிற்பது பறக்கும் வாத்தின் முன்னால்தான். சிறகு இரண்டும் விரிந்து, கால்கள் முன்னே நீண்டு, இதோ தண்ணீரில் இறங்கப்போகிறேன் என்கிற கோலம். எனக்கு அதில் பெரிய மயக்கம் கிடையாது. விரித்த சிறகின் அழகே பாதிக் குறையை மூடிவிடும். கண் உடம்புக்கு இறங்கி வருவதற்குள் பாராட்டு முடிந்திருக்கும். ஒன்றுமே செய்யாமல் மிதக்கிற வாத்து, கரையில் ஒற்றைக் காலில் அரைத் தூக்கத்தில் நிற்கிற வாத்து, அதைச் செய்து காட்டட்டும். சும்மா இருப்பது மனிதருக்கே கஷ்டம். கம்பியும் ஃபோமும் வைத்துத் தைத்த தோலைச் சும்மா இருக்கவைப்பது அதைவிடக் கஷ்டம்.

இந்தக் கலை இன்று செழித்திருப்பது அமெரிக்காவில். வடக்கிலிருந்து வலசை இறங்கும் வாத்துகளை இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வேட்டையாடுவது அங்கே தலைமுறைப் பழக்கம். சுட்டதில் நல்ல பறவையாகப் பார்த்து, இறகு கலையாமல் நைலான் காலுறைக்குள் நுழைத்து, ஃப்ரீஸரில் வைத்து, பாடம் செய்பவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அங்கே கடுமையானது. காட்டில் சுட்ட வாத்தைப் பாடம் செய்து விற்க முடியாது. செய்பவருக்கு அனுமதி வேண்டும், கூலி மட்டும் வாங்கலாம். வலது காலின் பின்விரல் இல்லாத வாத்து கண்ணில் பட்டால் கைக்குறை என்று எழுதிவிடாதீர்கள். பண்ணையில் வளர்ந்த பறவை என்று காட்ட, குஞ்சிலேயே அந்த விரலை எடுத்துவிடுவது சட்டம் ஏற்றுக்கொண்ட அடையாளங்களில் ஒன்று.

தரம் பறவையைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்து தன் பகட்டு இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப்போல மங்கலாகிவிடும். வேட்டைப் பருவத்தின் ஆரம்பத்தில் விழுகிற பறவையின் கழுத்திலும் மார்பிலும் முளைக்குருத்துகள் குத்திக்கொண்டிருக்கும். எவ்வளவு பெரிய கையாக இருந்தாலும் இல்லாத இறகை முளைக்கவைக்க முடியாது. டிசம்பர், ஜனவரிப் பறவைதான் பறவை.

அடுத்தது கொழுப்பு. குளிர்நீரில் வாழ்கிற பறவை என்பதால் தோலுக்கடியில் அது அடையாக இருக்கும். சுழலும் கம்பித் தூரிகையில் தோலின் உட்பக்கத்தைக் காட்டி அதைச் சுரண்டியெடுக்க வேண்டும். தோல் கிழியவும் கூடாது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் பலமுறை அலசி, காற்றடித்து உலர்த்த வேண்டும். முதுகிறகின் அடியில் பஞ்சுபோன்ற தூவி முழுதாக உப்பி எழுந்திருந்தால் அலசல் சரி. அங்கங்கே ஒட்டித் திரிதிரியாகக் கிடந்தால், மேலே எத்தனை வண்ணம் பூசினாலும் அது நனைந்த வாத்துதான்.

இனி நான் முதலில் பார்க்கும் இடத்துக்கு வருகிறேன்: விலா. ஆண் மல்லார்ட் ஒன்றைப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சைத் தலை, வெள்ளைக் கழுத்துவளையம், கருஞ்சிவப்பு மார்பு, அதற்குப் பின்னால் மெல்லிய அலைக்கோடுகள் ஓடும் சாம்பல் விலா. அந்த விலா இறகுகள் உடம்போடு படிந்து கிடப்பவை அல்ல. குளிருக்குப் போர்வையை இழுத்து முழங்கையை மூடிக்கொள்வதுபோல், மடித்த சிறகின் முன்பாதியைக் கீழிருந்து ஏந்தி மூடிக்கொள்பவை. மேலிருந்து தோளிறகுகள் சரிந்து வந்து மறுபாதியை மூடும். இரண்டுக்கும் நடுவே வெளியே தெரிவது சிறகின் ஒரு கீற்றும், வாலருகே குறுக்காகச் சேரும் நுனிகளும்தான். சிறகில் பளிச்சிடும் நீலப்பட்டை பெரும்பாலும் உள்ளே ஒளிந்திருக்கும். தெரிந்தால் ஒரு விரல்நுனி அகலம் தெரியலாம்.

மட்டமான வேலையில் நடப்பது என்ன? சிறகுகள் இரண்டும் உடம்புக்கு வெளியே ஒட்டவைத்த பலகைகளாக நிற்கும். வாடிக்கையாளருக்கு நீலம் பிடிக்கும் என்று பட்டை முழுவதையும் வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். தோளிறகுக்கும் சிறகுக்கும் நடுவே ஒரு பள்ளம், அதில் நிழல். இதற்குக் காரணம் உண்டு: இறகுகள் தோலில் எல்லா இடத்திலும் முளைப்பதில்லை; குறிப்பிட்ட பாத்திகளில்தான் முளைக்கின்றன. உள்ளே வைத்த உடல்வார்ப்பு சற்றுப் பருத்தாலும் அந்தப் பாத்திகள் இடம் பெயரும், வெறுந்தோல் இடைவெளி காட்டும். ஆகவே விலாவில் தெரியும் கோணல் விலாவில் தொடங்கியதல்ல. உடம்பை அளவெடுத்த அன்றே நேர்ந்தது. வருடிக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் வருடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தலைக்கு வருவோம். அலகு காய்ந்தால் சுருங்கும், நிறமும் போய்விடும். எனவே பலர் வார்ப்புத் தலையையே வைக்கிறார்கள்; சிலர் அசல் அலகையே வைத்துக்கொண்டு சுருக்கத்தை எபாக்ஸியால் நிரப்பி, ஏர்பிரஷால் நிறம் ஏற்றுகிறார்கள். எது செய்தாலும் பளபளப்பு மிஞ்சினால் பொம்மை. கண் விஷயத்தில் இனத்துக்கு இனம் கணக்கு வேறு. கேன்வாஸ்பேக், ரெட்ஹெட் இரண்டிலும் ஆணுக்குச் செம்பழுப்புத் தலைதான். ஆனால் முன்னதற்குச் சிவப்புக் கண், பின்னதற்கு மஞ்சள். கேன்வாஸ்பேக்கின் நெற்றி நேராகச் சரிந்து அலகோடு சேரும். ரெட்ஹெட்டின் தலை உருண்டை. சரியான நிறக் கண்ணாடிக் கண்ணை வாங்கிவிடுவது எளிது. அதை எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்பதில்தான் ஆள் தெரியும். சற்றே துருத்தினால் வாத்து ஆயுள் முழுக்கத் திடுக்கிட்டபடியே இருக்கும்.

திடுக்கிட்ட வாத்து திடுக்கிட்ட வாத்தாகவே இருந்துவிட்டாலும் பரவாயில்லை. அச்சம் தட்டிய வாத்து கழுத்தை நீட்டும், தலையிறகை ஒட்டப் படியவைக்கும், உடம்பை இறுக்கும். நிம்மதியாக இருப்பது கழுத்தை உள்ளிழுத்து, கன்னத்தை உப்பி, தண்ணீரில் தாழ்ந்து கிடக்கும். நீண்ட கழுத்தின் மேல் உப்பிய கன்னத்தை வைத்தால், உறுப்பு ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் பறவை பொய். எனக்குத் தெரிந்து மிக அதிகமாக மன்னிக்கப்படும் குற்றம் இதுதான், மன்னிக்கவே கூடாததும் இதுதான். உலக டாக்ஸிடெர்மி சாம்பியன்ஷிப்பில் நடுவர்கள் டார்ச் அடித்து நாசித் துவாரத்துக்குள்ளே பார்க்கிறார்கள் என்று வியந்து சொல்வார்கள். பார்க்கட்டும். ஆனால் பத்தடி தள்ளி நின்று, இந்த வாத்து என்ன மனநிலையில் இருக்கிறது என்று முதலில் கேட்பவரே எனக்கு நடுவர்.

வாத்தைப் பார்த்துப் பழக நம்மூரிலேயே பாடசாலை உண்டு. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அமெரிக்கச் சதுப்புகளில் இருப்பவையே; குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் அவை வருகின்றன. வேட்டைக்கு இங்கே இடமில்லை, தேவையும் இல்லை. தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் பார்த்தால், ஊசிவாலின் அலகில் நீலச்சாம்பலுக்கு நடுவே ஓடும் கறுப்புப் பட்டையும், ஓய்வில் அதன் சிறகு எங்கே ஒளிகிறது என்பதும் மனத்தில் ஏறிவிடும்.

நிறங்களில் ஒரு நியாயம் இருக்கிறது. மல்லார்டின் பச்சை சாயமன்று. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி மோதிப் பிறப்பது. அதனால் எளிதில் வெளுக்காது, அழுக்கும் பிசுக்கும் படிந்தால் மங்கும். கூசாண்டர் என்னும் வாத்தினத்தில் ஆணின் மார்பில் இருக்கும் இளஞ்சிவப்புச் சாயல் அப்படியில்லை, இறந்தபின் வெளுத்துவிடும். அதை ஏர்பிரஷால் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வெளுத்த மார்பில் அசல் இறகாவது மிஞ்சும்.

நல்ல கைக்காரரைத் தேடுகிறவர் நேற்று முடித்த வேலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். புதிதில் எல்லாமே அழகு. ஐந்தாறு வருடம் சுவரில் இருந்த வாத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மார்பின் வெள்ளையில் எண்ணெய் கசிந்து மஞ்சள் பூத்திருக்கிறதா, அலகடியில் தோல் பின்வாங்கி விரிசல் விட்டிருக்கிறதா, கால் விரல்கள் வற்றிக் கம்பி தெரிகிறதா, பீடத்தில் அந்துப்பூச்சி தின்ற இறகுத் தூள் கிடக்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.