ஸ்டவுட்டில் ஈஸ்ட்டை முகர்வது எப்படி?

ஆந்திரத்தின் சூளூர்பேட்டைப் பக்கம் பனையில் கள் இறக்குபவர் ஈஸ்ட் என்று தனியாக எதையும் சேர்ப்பதில்லை. பாளை சீவிக் கட்டும் பானையின் சுவரில் முந்தைய நாளின் ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாறு சொட்டச் சொட்ட அது வேலையைத் தொடங்கிவிடும். உள்ளே சுண்ணாம்பு தடவிய பானை என்றால் அந்த வேலை நடக்காது; பதநீர் இனிப்பாகவே இறங்கும். காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கில் உணர்ந்தவருக்கு ஈஸ்ட் அந்நியம் இல்லை. அதே மூக்கோடு ஸ்டவுட்டிடம் வாருங்கள்.

ஸ்டவுட் என்றால் கறுப்பு பீர். நிறம், காப்பிக் கசப்பு, லேசான கருகல் எல்லாம் வறுத்த பார்லியும், முளைகட்டி வறுத்த தானியமான மால்ட்டும் தருபவை. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் வரும் பழவாசனையில் பெரும்பங்கு ஈஸ்ட்டுடையது. விழுங்கிய பிறகு நாக்கில் எவ்வளவு இனிப்பு தங்குகிறது என்பதையும், சர்க்கரையை எந்த அளவுக்குத் தின்று தீர்த்தது என்ற வகையில் அதுவே முடிவு செய்கிறது. ஒரே மால்ட் சாற்றை இரண்டாகப் பிரித்து இரண்டு ஈஸ்ட்டிடம் கொடுத்தால் இரண்டு ஸ்டவுட் கிடைக்கும்.

பழகிப் பார்க்க நமக்கு அருகிலேயே ஒரு நல்ல ஸ்டவுட் இருக்கிறது: இலங்கையின் லயன். அதைக் காய்ச்சும் ஆலை 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவின் மலைக்குளிரில் தொடங்கியது. இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் இயங்குகிறது. இந்த ஸ்டவுட்டில் ஆல்கஹால் 8.8 சதவீதம். ஆங்கிலேய பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் இதைத் தேடிப் போய்க் குடித்து, உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குடிக்காதீர்கள். கடுங்குளிர் வாசனையைக் கட்டிப்போட்டுவிடும். கால் மணி நேரம் வெளியே வைத்து, வாயகன்ற கண்ணாடிக் குவளையில் பாதி மட்டும் ஊற்றுங்கள். முதல் மூச்சில் காப்பித்தூளும் கருக்கிய வெல்லமும் வரும். குவளையை மெல்லச் சுழற்றி மறுபடி முகருங்கள். உலர்ந்த திராட்சை, கனிந்த பழம் என்று ஏதோ ஒன்று எட்டிப்பார்க்கும். அதைப் பிடித்துவிட்டால் போதும். பிறகு இன்னொரு ஸ்டவுட்டான கின்னஸை அருகில் வைத்துப் பாருங்கள். 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும் டிராஃப்ட் கின்னஸில் பழமும் இனிப்பும் அடங்கி, வறட்சியும் கருகலும் முன்னே நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடிக்கும்போதுதான் வித்தியாசம் விளங்கும்.

காய்ச்சிப் பார்க்க ஆசை வரும். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அதில் இறங்க வேண்டாம். பிரிட்டனில் 1963 முதல் வீட்டுத் தேவைக்கு உரிமம் வேண்டியதில்லை. எனவே இனி வரும் குறிப்புகள் லண்டனில் இருக்கும் உங்கள் மச்சானுக்கு. ஸ்டவுட்டுக்கு வழக்கமாக ஏல் வகை ஈஸ்ட்தான். ஐரிஷ் ஏல் ஈஸ்ட் சர்க்கரையை அளவாகத் தின்று, வறுத்த பார்லியைப் பேசவிடும். சீக்கிரம் அடியில் படியும் ஆங்கில ஈஸ்ட் கொஞ்சம் இனிப்பை மிச்சம் வைக்கும்; பழவாசனையும் கூடும். ஓட்ஸ் சேர்த்த ஸ்டவுட்டுக்கு அதுவே பொருத்தம். அமெரிக்க ஏல் ஈஸ்ட் சுத்தமானது, தன் வாசனையை அவ்வளவாக விடாது. கறுப்பு பீரில் அந்தச் சுத்தம் எனக்கு வெறுமையாகப் படுகிறது.

எதை எடுத்தாலும் வெப்பத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி சுகமான சூடு. 25ஐத் தாண்டினால் பெரும்பாலானவை பழவாசனையை விட்டுவிட்டு வார்னிஷ் வாடை அடிக்கத் தொடங்கும். சூளூர்பேட்டையின் மே மாத வெக்கையைத் தாங்குவது நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட். 35 டிகிரியிலும் அது கெடாமல் வேலை செய்யும். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் அதைத் துணியிலும் மரத்திலும் உலர்த்தி, அடுத்த முறை காய்ச்சுவதற்கென்று தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். நம் கள்ளுப்பானையின் தூரத்து உறவு.

முதல் ஸ்டவுட்டுக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால், ஐரிஷ் ஈஸ்ட், 18 டிகிரி.