புனைகதையில் மெய்ப்பெயர்: சுட்டலும் சுட்டாமையும்

புகழ்பெற்றோர் பெயரை அவர்தம் இசைவின்றிப் புனைகதையிற் கையாளலாமா என்னும் வினா, சட்டத்தோடு மட்டும் தொடர்புடையதாகவே பெரும்பாலும் நோக்கப்படுகிறது. தமிழிலக்கிய மரபை அறிந்தோர்க்கு இவ்வினா புதிதன்று. அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதித்துள்ளது. நெடுநல்வாடை பிரிவுத்துயரைப் பாடிற்றாயினும், அதில் வரும் வேலில் வேம்பு கட்டப்பட்டிருந்தமை பாண்டியனை அடையாளங் காட்டுவதால், அதனை நச்சினார்க்கினியர் புறமெனக் கொண்டார். ஓர் இலை பெயருக்கு ஈடாயிற்று. அகவாழ்வு எல்லார்க்கும் பொது. ஆட்சியும் போரும் கொடையும் ஊரறிந்தவை. ஆதலின் அவற்றைப் பாடுங்காற் பெயர் வேண்டப்பட்டது. இவ்வேறுபாடு இன்றைய புனைகதைக்கும் உரைகல்லாகலாம் என்பது எமது கருத்து.

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) நாவலின் கற்பனை எழுத்தாளன், அல்பேர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5ஆம் திகதி இறக்கிறான். மெய்ப்பெயர் கற்பனை மனிதனுக்கு வரலாற்றில் ஓர் இடம் தேடித் தருகிறது. காம்யுவின் வாழ்வில் நாவலாசிரியர் எதனையும் கற்பித்துச் சேர்க்கவில்லை. ஊரறிந்த செய்தியொன்றைக் கடன் பெற்றார், அவ்வளவே. அமெரிக்க நாவலாசிரியர் றொபேட் கூவர், றோசன்பேர்க் தம்பதியரின் மரணதண்டனையை (1953) மையமாகக் கொண்டு 1977இல் வெளியிட்ட நாவலில் நிக்சனையே கதைசொல்லிகளுள் ஒருவராக்கினார். வழக்குக்கு அஞ்சிய பதிப்பாளர்களின் தயக்கத்தால் நூல் வெளிவரத் தாமதமாயிற்று. அதிகாரத்தில் இருந்தவரின் அரசியலை எள்ளும் பகுதிகள் புறத்தின் பாற்படும். அவர்தம் அந்தரங்கத்தைப் புனைந்து நகையாடும் பகுதிகளே எமது உரைகல்லில் இடறுகின்றன.

ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ (1972) வேறொரு வழியை மேற்கொண்டது. திரைநாயகனின் பிம்பத்தில் மயங்கிச் சீரழியும் உழைக்கும் பெண்ணின் கதை அது. அக்காலத் தமிழ்நாட்டில் அந்நாயகன் எவரை நினைவூட்டினார் என்பதை அறிய வாசகர்க்கு உரைகாரர் தேவைப்படவில்லை. எனினும் கதையின் பொருள் நடிகரின் சொந்த வாழ்வன்று. அவரது பிம்பம் வறியோர் மனத்தில் நிகழ்த்திய வேலையே. பிம்பம் சந்தைக்கு வந்த பண்டம். பண்டத்தை விமர்சிப்பதற்கு எவரது இசைவும் வேண்டியதில்லை.

இனி, ஏறாவூர் முதற் கல்முனைவரை நீளும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக்கு வருவோம். இப்பகுதியின் பாண்டிருப்பில் ஆண்டுதோறும் நிகழும் திரௌபதையம்மன் தீப்பள்ளயத்திற் சாதாரணக் கிராமத்தவரே பாண்டவராகின்றனர். பெரும்பெயர்களை எளியோர் தாங்கும் அவ்வூரிற் பிறந்த உமா வரதராஜன், ‘அரசனின் வருகை’ சிறுகதையில், அழிவுற்ற நகருக்கு வரும் பெயரற்ற அரசனைப் படைத்தார். ஆட்சித் தலைவர் எவரது பெயரும் அதில் இல்லை. போர்க்காலக் கிழக்கில் அதிகாரத்தைப் பெயர் சுட்டி எழுதுவது உயிரோடு தொடர்புடைய விடயம். ஆதலின் அச்சுட்டாமையைக் கோழைத்தனம் எனல் தகாது. மேலும் அவ்வரசன் ஒரு பதவிக்காலத்தோடு முடியாது, பின்வந்த அதிகாரங்கள் பலவற்றுக்கும் பொருந்தி நிற்கிறான். ஆனால் இதற்கொரு விலையும் உண்டு. இன்றைய மாணவன் எந்த நகர், எந்த ஆண்டு, எவரது ஆட்சி என வினவ வேண்டியுள்ளது. கதை சுட்டாது விட்டதைச் சுட்டுவது விமர்சகரின் கடமையாகிறது.

இவ்விவாதம் முழுவதும் புகழ்பெற்றோரின் உரிமையைச் சுற்றியே நிகழ்வதுதான் எம்மை உறுத்துகிறது. அவர்களுக்குச் சட்டத்தரணிகள் உளர். மறுப்பு வெளியிடப் பத்திரிகைகள் உள. வாவிக்கரையில் வலை வீசுபவருக்கும் வயல்வெளியில் அரிவி வெட்டும் பெண்ணுக்கும் யார் உளர்? தாய்வழிக் குடிமுறை நிலவும் மட்டக்களப்பில், குடியும் கோயிலும் ஊரும் கூறப்பட்டால் ஆளே கூறப்பட்டதாகும். கதையாசிரியர் பெயரை மாற்றிவிட்டு நிம்மதியடைகிறார். ஊரோ மறுநாளே ஆளைக் கண்டுகொள்கிறது. பாண்டியன் வேலில் இருந்த வேம்பு இங்கே குடிப்பெயராக வந்து நிற்கிறது. அக்கதையில் ஒரு பெண்ணின் மணவாழ்வோ ஒழுக்கமோ பேசப்பட்டிருப்பின், அதன் சுமையை அவளும் அவள் பிள்ளைகளுமே சுமக்கின்றனர். யதார்த்த இலக்கியம் மண்வாசனையைப் போற்றியதில் நியாயம் உண்டு. அம்மண்ணில் வாழ்வோரின் அகத்தை அடையாளத்தோடு அம்பலத்தில் வைக்க அது உரிமை தரவில்லை.

ஆகவே இவ்விடயத்தில் எழுத்தாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு. சுட்டப்படுவது ஊரறிந்த செயலா, ஒருவரது அகமா? சுட்டப்பட்டவர் மறுமொழி கூறும் வலிமை உடையவரா? அதிகாரத்தின் பொதுச்செயலைப் பெயரோடு எழுதத் துணிவு வேண்டும். எளியோரின் அகத்தைப் பெயரும் வேம்புமின்றி எழுதக் கலை வேண்டும். எமது புனைகதையிற் பல வேளைகளில் இவை இடம்மாறியே நிகழ்ந்துள்ளன. வலியோர் உருவகத்துள் மறைய, எளியோர் வெளிச்சத்தில் நிற்கின்றனர்.