ஆயிரம் சிடிக்கு எவ்வளவு இடம்?

ஒரு சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். ஆயிரம் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 1.2 மீட்டர், அதாவது பள்ளிப் பிள்ளையின் உயரம்தான். அதே ஆயிரத்தைப் பெட்டியோடு வரிசையாக நிறுத்தினால் பத்து மீட்டரைத் தாண்டுகிறது. நூறு கிலோ எடை வேறு. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு பிளாஸ்டிக்கும் காற்றும். இரண்டு படுக்கையறை சென்னை அடுக்ககத்தில், கச்சேரிப் பதிவுகளும் இளையராஜாவுமாகச் சேர்த்துக் குவித்தவருக்கு இதுதான் தலைவலி.

குறுக்குவது மட்டுமே நோக்கம் என்றால் ஜிப் வைத்த வாலட் ஜெயித்துவிடும். நான்கைந்து வாலட்டில் ஆயிரமும் முடிந்தது. ஆனால் தேடியதை எடுக்க வேண்டும், புதிதாக வருவதை அதற்குரிய இடத்தில் சொருக வேண்டும், கடலோர ஊரின் ஈரத்தையும் தாங்க வேண்டும். இவற்றில் எதிலும் வாலட் தேறுவதில்லை. மதுரை மணி ஐயருக்கு ஒரு பக்கம் நிரம்பியபின் இன்னொரு வட்டு கிடைத்தால், அதற்குப் பின்னாலுள்ள அத்தனையையும் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். யாரும் நகர்த்த மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் செருகிவிடுவார்கள். கொஞ்ச நாளில் வரிசை என்பதே இருக்காது. பாட்டு விவரம் அச்சான பின்அட்டைக்கு அதில் இடம் கிடையாது. மலிவான பிவிசி உறை வெயிலில் வட்டோடு ஒட்டிக்கொள்வது போதாதென்று, தூசி புகுந்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் கீறும். காரில் வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு ஆகாது.

பலரும் அடுத்துப் போவது புத்தக அலமாரிக்கு. ஓரடி ஆழ அலமாரியில் சிடி இரண்டு வரிசையாகத்தான் நிற்கும். பின்வரிசையில் இருப்பது கண்ணில் படாது. தட்டுக்குத் தட்டு உயரத்தில் பாதி வீண். பரணைப் பற்றிப் பேசவே வேண்டாம். மேல்மாடி வீட்டுப் பரணில் மே மாதம் என்ன சூடு இருக்கும் என்பது அங்கே ஏறியவர்களுக்குத் தெரியும்.

பெட்டியோடுதான் வேண்டும் என்பவர்கள் சுவரில் ஆழம் குறைந்த அடுக்கைச் செய்துகொள்ளலாம். 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். நான்கடி அகலத்தில் ஒரு தட்டுக்கு நூற்றுப்பத்து பெட்டி, ஒன்பது தட்டில் ஏறக்குறைய ஆயிரம். மொத்த உயரம் ஐந்தடிக்குள். தரையை அடைக்காது, எல்லா முதுகும் கண்ணுக்கு நேரே தெரியும். தேடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நூறு கிலோவைத் தாங்கும் சுவரா, மறுபக்கம் குளியலறை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் சின்ன அடுக்ககத்தில் நான்கடி வெற்றுச் சுவர் என்பது சொத்து. வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

மெல்லிய பெட்டிக்கு மாற்றினால் இடம் பாதியாகுமே என்பார்கள். ஆகும். ஆனால் அதில் பின்அட்டை உட்காராது, முதுகில் பெயரும் இருக்காது. ஐந்நூறு ஊமைப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று பார்த்தால் தெரியும். பழைய இரட்டைத் தொகுப்புகளின் தடித்த பெட்டியை மட்டும் தயங்காமல் மாற்றலாம். இரண்டு வட்டைத் தாங்கும் சாதாரணத் தடிமன் பெட்டிகள் கிடைக்கின்றன. இடமும் பாதிக்கு மேல் மிச்சம். உள்ளே பஞ்சு அட்டை இருந்தால் தூக்கி எறியுங்கள். அது நாளடைவில் மக்கி வட்டைக் கெடுக்கும்.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால் கேள்வி மாறுகிறது: எதைக் காப்பாற்ற வேண்டும்? பெட்டி உடைந்தால் வேறு பெட்டி வாங்கலாம். கச்சேரி சிடியின் தாள் அப்படியல்ல. எந்தக் கீர்த்தனை, என்ன ராகம், எந்த ஆண்டுக் கச்சேரி, வயலின் யார், மிருதங்கம் யார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இணையத்தில் பாட்டு கிடைத்தாலும் பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஆகவே என் தேர்வு பாலிபுரொப்பிலீன் உறை. வட்டுக்கு ஒரு பை, தாள்களுக்குத் தனிப் பை உள்ளதாக இருக்க வேண்டும். இந்தப் பிரிப்பு வீண் ஆடம்பரம் அல்ல. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் 1980களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் அச்சான பல வட்டுகள் வெண்கல நிறமாகிக் கெட்டன. அவற்றின் மேற்பூச்சு தாளிலிருந்த கந்தகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. எல்லா வட்டும் அப்படி ஆகாது என்றாலும் தாளும் வட்டும் உரசாமல் இருப்பது நல்லது. பின்அட்டையின் முதுகை மடித்து மேலே தெரியும்படி வைத்தால் பெயரும் படிக்கலாம். ஓர் உறை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள டிராயரில் மூன்று வரிசை வைத்தால் நானூறுக்கு மேல் பிடிக்கும். ஆயிரத்துக்கு மூன்று டிராயர், அதாவது கட்டிலோர மேசை அளவு. நல்ல டெலஸ்கோப்பிக் சேனல் இந்த எடையைத் தாங்கும். புதிதாக வருவதை இரண்டு உறைக்கு நடுவில் சொருகினால் போதும், எதையும் நகர்த்த வேண்டாம்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பெட்டியில் வட்டு நடுக்குமிழில் தொங்குகிறது. அதன் பரப்பை எதுவும் தொடுவதில்லை. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு பெட்டியில் நிமிர்த்தி வைக்கவே சொல்கிறது. உறையில் தொடுகை தவிர்க்க முடியாதது. நெருக்கி அடைத்தால் உறையின் உட்புறத் துணியின் அச்சு வட்டில் பதியும் ஆபத்தும் உண்டு. அடிக்கடி உருவி எடுத்துக் கேட்பவருக்கு இந்த வாதம் செல்லும்.

அதனால்தான் ரிப் செய்வதை, அதாவது வட்டிலுள்ள இசையைக் கணினியில் கோப்பாக எடுத்துவைப்பதை, உறை ஏற்பாட்டிலிருந்து பிரிக்க முடியாது என்கிறேன். இழப்பில்லாத ஃபிளாக் வடிவில் ஆயிரம் சிடி பெரும்பாலும் 400 ஜிபிக்குள் அடங்கும். ஒரு டிபி டிஸ்க் தாராளம். இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். அதன்பின் வட்டை எப்போதோதான் எடுப்போம், கீறலும் குறையும். ரிப் செய்தாயிற்றே, வட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும்: ஹார்டு டிஸ்க் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். வேலை நீளமானது, மாலைக்குப் பத்து என்றால் நூறு மாலை. நூறு சினிமாப் பாட்டை அடைத்த எம்பி3 சிடிகளைக் கோப்பாக நகலெடுத்துக்கொண்டு கழித்துவிடலாம். வீட்டில் எழுதிய சிடி-ஆர் வட்டுகளை முதலில் ரிப் செய்யுங்கள், சாயம் வெளுக்கும் ரகம் அவை.

ஐந்நூறுக்குள் இருந்தால் சுவர் அடுக்கே மேல், பெட்டியைத் தொடாதீர்கள். அதற்கு மேல் போனால் ரிப், உறை, டிராயர், இதே வரிசையில். ஈரத்துக்கு டிராயரில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பத்தில் இரண்டு பங்கு இடத்தைக் காலியாக விடவும். கையெழுத்து வாங்கிய பெட்டிகளும் அட்டை மடிப்புப் பதிப்புகளும் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்குத் தனியாக ஒரு தட்டு. ரிப் செய்யப் பொறுமையில்லாதவர் உறைக்கும் போக வேண்டாம், நான்கடிச் சுவருக்கு வீட்டில் பேச்சுவார்த்தை நடத்தட்டும்.